சிந்துபாத்தும் அசையும் பாவைகளும்

மன்னார்க் கரையில் பிறந்தார்க்குச் சிந்துபாத் அயலான் அல்லன். அராபியக் கதைகளில், ஆறாம் பயணத்திலே கப்பல் உடைந்து அவன் கரையேறும் சரந்தீபு நமது இலங்கையே. மேற்காசிய வணிகர் நமது மாதோட்டத் துறையை நாடிவந்தமைக்கு அங்கு அகழ்ந்தெடுக்கப்பெற்ற மட்கல ஓடுகள் சான்று. பள்ளிமுனைப் பெருக்கமரமும் அராபியர் கொணர்ந்ததே என்பர்.

எனினும், பாடத்தை விடுத்துச் சிந்துபாத் படம் பார்த்திருந்த மாணவன் ஒருவனை, "பொம்மை விளையாட்டிலா பொழுதைக் கழித்தாய்?" என்று யாம் முன்னொருகாற் கடிந்ததுண்டு. அப்படங்கள் ஆக்கப்பெற்ற முறையை அறிந்தபின்னரே எமது பிழையை உணர்ந்தோம்.

1958 இல் வெளிவந்த 'சிந்துபாத்தின் ஏழாம் பயணம்' என்னும் ஆங்கிலப் படத்தில் ஒற்றைக்கண் அரக்கனும், இருதலைப் பெரும்புள்ளும், வாளேந்திய எலும்புக்கூடும் தோன்றுகின்றன. இவற்றை இயக்கியவர் ரே ஹாரிஹவுசன் (1920–2013). உள்ளே உலோக மூட்டுகளும் வெளியே இறப்பர்த் தோலும் உடைய சிறு பாவையைச் சற்றே அசைப்பார், ஒரு படம் பிடிப்பார், மீண்டும் அசைப்பார். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள் வேண்டும். நடிகர் வெறுவெளியை நோக்கி வாள்வீசிய காட்சியை முன்னரே எடுத்துவைத்து, அதனைப் பாவைக்குப் பின்னே ஒவ்வொரு படமாக வீழ்த்தி இரண்டையும் பொருத்துவார். 1963 இல் வந்த 'ஜேசன்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூவரோடு பொருதும் சில நிமிடக் காட்சிக்கு நான்கு திங்களுக்கு மேற் சென்றன.

1973 இல் வந்த மற்றொரு சிந்துபாத் படத்தில், ஆறு கைகளையுடைய காளி சிலை உயிர்பெற்று ஆடுகின்றது, வாளேந்திப் பொருகின்றது. மந்திரவாதி ஒருவனின் ஏவலுக்கு அன்னை ஆடுவது அவளை வழிபடுவோர்க்கு உவப்பன்று. ஆயினும் அவ்வாட்டத்தை அமைத்துக் கொடுத்தவர், தெலுங்கு, தமிழ்ப் படங்களில் நடித்துப் பாடிய டங்குட்டூரி சூரியகுமாரி. அவர் தம் மாணவி ஒருத்தியோடு இணைந்து ஆடிக்காட்டிய அசைவுகளையே பாவை பின்பற்றிற்று. ஆசிரியர் ஆட மாணவர் தொடர்வது நமக்குப் புதிதன்றே!

பொறுமையின்றிப் பாவைக்கும் உயிரில்லை; கல்விக்கும் உயிரில்லை. அன்று யாம் கடிந்த மாணவன் பழைய மாணவருள் ஒருவனாய் இம்மலரை வாசிப்பானாயின், அக்கடுஞ்சொல்லை யாம் மீளப்பெற்றோம் எனக் கொள்வானாக.