இன் பண்ணணுமா, வெளியே விடணுமா? - ஃபார்மலும் கேஷுவலும் பிரியும் இடம்!

காலை 10 மணிக்கு இன்டர்வியூ. முதல்நாள் சாயங்காலம் பீரோவைத் திறந்தால் எட்டுச் சட்டைகள் தொங்குகின்றன, ஒன்றும் தேறவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த மினுமினுப்புச் சட்டை, காலேஜுக்குப் போட்ட கட்டம்போட்ட சட்டை, தீபாவளிக்கு அக்கா வாங்கித் தந்த பூப்போட்ட சட்டை... வேலை தேடும் பல இளைஞர்களுக்குப் பழகிய காட்சி இது.

விலையை வைத்து ஃபார்மல், கேஷுவல் பிரிவதில்லை. 3,000 ரூபாய்ச் சட்டை கேஷுவலாக இருக்கலாம். தெருமுனை டெய்லர் தைத்துத் தந்த வெள்ளைச் சட்டை அசல் ஃபார்மலாக இருக்கலாம்.

முதலில் சட்டையின் கீழ்விளிம்பைப் பாருங்கள். முன்னும் பின்னும் வளைந்து நீளமாக இறங்கி, பக்கவாட்டில் மேலே ஏறியிருந்தால் அது இன் பண்ணுவதற்காக வெட்டப்பட்டது. நேராக வெட்டி, நீளம் குறைவாக இருந்தால் வெளியே விட்டுப் போடும் சட்டை. அதை இன் பண்ணிக்கொண்டு பஸ் ஏறினால், மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதுமே வெளியே வந்துவிடும்!

அடுத்து துணி. பிளெயின் நிறமும் மெல்லிய கோடும் ஃபார்மல் பக்கம். கட்டம் பெரிதாகப் பெரிதாக கேஷுவல். காலர் நுனியில் குட்டி பட்டன் வைத்த சட்டை நடுவில் நிற்கும். ஆபீஸுக்கு ஓகே, டை கட்டுவதென்றால் வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியம், தோள். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அண்ணன் சட்டையை இரவல் வாங்கிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இடுப்புச் சுற்றளவை டெய்லர் சுலபமாகப் பிடித்துத் தந்துவிடுவார். தோளைச் சரிசெய்வது கிட்டத்தட்ட புதுச்சட்டை தைக்கிற வேலை.

சரி, வேட்டி? 2014-ல் வேட்டி கட்டிச் சென்ற சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே ஆண்டில், வேட்டி கட்டியவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவிலும் ஃபார்மல் பேன்ட்டுக்குச் சமமாக வேட்டிக்கு இடம் உண்டு. ஆக, அரசு கணக்கில் வேட்டி ஃபார்மல்தான். ஆனால், பல தனியார் ஆபீஸ்களில் அது இன்னும் பொங்கல் கொண்டாட்ட உடுப்பாகவே இருக்கிறது என்பது தனிக்கதை.

போகும் இடத்தின் வழக்கம் தெரியவில்லையா? இன்டர்வியூவுக்கு அழைத்தவரிடமே கேட்டுவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. கேட்க வழியில்லை என்றால் ஃபார்மலாகவே போய்விடுங்கள். அங்கே எல்லோரும் டி-ஷர்ட்டில் இருந்தால் முழுக்கையை முழங்கை வரை மடித்துவிட்டால் போதும். டி-ஷர்ட்டில் போய் மாட்டிக்கொண்டால் மடிக்கவும் எதுவும் இருக்காது.

கையில் காசு குறைவென்றால் ஒரு வெள்ளை, ஒரு வெளிர்நீலம் என இரண்டு சட்டை, அடர்நிறத்தில் ஒரு பேன்ட், கறுப்பு ஷூ, அதே கறுப்பில் பெல்ட். இவை போதும். எடுத்ததைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வயிற்றுப் பக்கம் பட்டன் இடைவெளி வாய் பிளந்தால் அது வேண்டாம். பிளக்கவில்லையா? கழற்றிக் கொண்டு ஓடுங்கள், அயர்ன் கடைக்காரர் கடையை மூடுவதற்குள்!