கேட்டதைக் கொடுத்த விஷங்கள்

ஏதென்சின் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது, மூடி போட்ட சிறு மண் டப்பாக்கள் கிடைத்தன. உள்ளே மாத்திரை போன்ற வெள்ளை வில்லைகள். முகத்தில் பூசும் வெள்ளை ஈயம் அது. அதைச் செய்யும் முறையைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. 300 வாக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார். பானைக்குள் காடியின் மேல் ஈயக் கட்டியை வைத்து மூடிவிட வேண்டும். சில நாளில் ஈயத்தின் மேல் பூஞ்சை பூத்ததுபோல் வெள்ளை படியும். அதைச் சுரண்டி அரைத்தால் முகப்பூச்சு தயார்.

இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் ஐரோப்பா இதையே பூசிக்கொண்டிருந்தது. அம்மைத் தழும்பை அவ்வளவு வழுவழுப்பாக மறைக்கும் பொருள் அவர்களிடம் வேறு இல்லை. ஆனால் ஈயம் நாளடைவில் தோலை அரித்துப் புண்ணாக்கும். புண்ணை மறைக்க இன்னும் தடிமனாகப் பூசுவார்கள்.

18ஆம் நூற்றாண்டு லண்டனே கொண்டாடிய பேரழகி மரியா கன்னிங். பாரிசில் ஒரு விருந்தின்போது, சாயம் பூசியிருக்கிறாள் என்று சந்தேகப்பட்ட கணவர் அவரை மேசையைச் சுற்றித் துரத்திப் பிடித்து, எல்லார் முன்னாலும் துணியால் முகத்தைத் துடைத்தாராம். அப்போதும் அவர் பூச்சை விடவில்லை. 1760இல், 27 வயதில் இறந்தார். பூச்சுதான் அவரைக் கொன்றது என்று ஊரே பேசியது.

இதையெல்லாம் மடமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த விஷங்கள் பலித்தன. பலித்ததால்தான் மக்கள் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகம் வெளுக்க ஆர்செனிக் வில்லைகள் விற்றார்கள். பெண்கள் வாங்கித் தின்றார்கள். ஆர்செனிக் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சோகை பிடித்த முகம் வெளுக்காமல் என்ன செய்யும்?

எல்லாவற்றிலும் கெட்டிக்கார விஷம் பாதரசம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் செய்ய டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்ய அதற்குள் தாமிரம் வேண்டும். பாதரசம் அந்தத் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, மெலனின் குறைகிறது, சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. கண்ணாடி பொய் சொல்வதில்லை. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதுமில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது.

இது பழங்கதை அல்ல என்பதுதான் என்னை வருத்துகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 2021க்கும் 2023க்கும் இடையே, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கை அழகுப் பொருட்களில் பாதரசத்தைத் தடுத்த பிறகும், விவரமே அச்சிடாத டப்பாக்களில் அது கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. மாநிறத்தைக் குறை என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணின் கையில் அந்த டப்பாவைக் கொடுத்துவிடுகிறோம்.

கிரீமை நிறுத்தியதும் அந்த மலப்புரத்து நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. பாதரசம் விலகிய தோலும் சும்மா இருக்காது. மறுபடியும் மெலனினைச் செய்யத் தொடங்கிவிடும்.