ஆட்டுக்கொம்பு சைக்கிளும் அத்தான் சைக்கிளும்!

"பிரான்ஸுக்குப் போறேன்!" என்றார் ஆபீஸில் எனக்கு அடுத்த சீட் நண்பர். ஈஃபில் டவர் பார்க்கவா என்று கேட்டேன். இல்லையாம். மண் ரோட்டில் சைக்கிள் ஓட்டவாம்!

"கிரேவல் பைக்கிங் சார்! இந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம், அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம். நடுவுல ஏறி இறங்கிப் போகும் சரளை ரோடு. கார் கிடையாது, லாரி கிடையாது... சொர்க்கம்!"

சொல்லிவிட்டு அவர் லீவ் லெட்டர் எழுதப் போய்விட்டார். எனக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலிலேயே பன்னிரண்டு மாதத் தவணையில் நானும் ஒரு கிரேவல் பைக் வாங்கினேன். பிரான்ஸ்? அதெல்லாம் நம் பட்ஜெட்டில் வராது. போன ஜூலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து, சைக்கிளை லக்கேஜ் வேனில் ஏற்றினேன். அக்காவை அச்சன்புதூரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம் எட்டிப் பார்க்காத ஊர் அது. தென்காசி மாவட்டம் (2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம்). மேற்கே நகர்ந்தால் வடகரை, அதையும் தாண்டினால் மேக்கரை, அப்புறம் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. நடுவில் குளம், வாய்க்கால், வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. திராட்சைதான் இல்லை. அது வேண்டுமென்றால் கம்பத்துக்குப் போக வேண்டும்.

வாசலில் அத்தான் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வருஷமாக ஒரே கறுப்பு சைக்கிளில் வயலுக்குப் போய் வருகிறவர்.

"என்ன மாப்ள, ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சி கெடக்கு? ரயில்ல நசுங்கிட்டோ?"

"டிசைனே அப்படித்தான் அத்தான்."

"ஸ்டாண்டு எங்க?"

"கிடையாது."

"கேரியரு?"

"கிடையாது."

"மட்கார்டு?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"சரிதான். பாக்கி சாமானெல்லாம் அடுத்த தவணையில வருமோ?"

காலை நாலரைக்கே கிளம்பலாம் என்றேன். அத்தான் தலையை ஆட்டிவிட்டார். "நல்லா விடியட்டும். மேக்கரைப் பக்கம் ஆன இறங்கி தென்னந்தோப்புக்குள்ள நிக்கும். உங்க வண்டியில பெல்லு வேற இல்ல!" சிரிக்கிற விஷயமில்லை. வடகரை, மேக்கரைப் பக்கத்தில் ஒரே ராத்திரியில் வாழையையும் தென்னையையும் யானைக்குப் பறிகொடுத்து நிற்கிற விவசாயிகள் நிறையப் பேர்.

சரி, அதுவரை மெயின் ரோட்டில் ஒரு ரவுண்டு?

"அந்தப் பக்கமே போவாதீங்க" என்றார், குரல் மாறி. கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை அது. கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவு பகலாக ஓடுகிற ரோடு. "என் கூடப் படிச்சவன். ராத்திரி சைக்கிள்ல வந்துக்கிட்டு இருந்தான். பின்னால லைட்டு கிடையாது. லாரிக்காரனுக்குத் தெரியல. அதுலருந்து நான் அந்த ரோட்ல சைக்கிள் மிதிக்கதில்ல. ரெண்டு மைல் சுத்தினாலும் கரை வழிதான்."

ஆறேகாலுக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் தார் நின்றது. குளத்துக்கரை மேலே ஏறினேன். ஆஹா! இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம் கார் சாகுபடிக்கு நாற்று நட்ட வயல். எதிரே மேகம் சுற்றிய மலை. செம்மண்ணும் சரளையும் டயருக்கு அடியில் 'சரசர'வென்று பேசுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அரைமணி நேரத்தில் எதிரே வந்தது இரண்டு மாடு, ஒரு பால்காரர், ஒரு கீரிப்பிள்ளை.

நண்பரின் பிரான்ஸை மனசுக்குள் பழிப்பு காட்டிய அந்த நிமிஷத்தில்தான் காற்று வந்தது. சும்மா காற்றில்லை, செங்கோட்டைக் கணவாய்க் காற்று! மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்துப் புகுந்து வரும். குற்றாலத்தில் உங்கள் முகத்தில் பன்னீர் தெளிக்கிற சாரலும் இதன் தயவுதான், கிழக்கே சுரண்டைப் பக்கம் காற்றாலை சுற்றுவதும் இதன் தயவுதான். குளத்துத் தண்ணீரைத் தாண்டி வந்த காற்று என்னைக் குறுக்கே பிடித்து வயல் பக்கம் தள்ளியது. கியரை மாற்றினேன். குனிந்தேன். படுத்தேன். வண்டி நகர்ந்தால்தானே!

அப்போது கரைக்குக் கீழே, வயலோரப் பாதையில், வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் உருவம் நிதானமாக மிதித்து என்னைத் தாண்டிப் போனது. கியர் கிடையாது. கேரியரில் உரச் சாக்கு வேறு!

"காத்தடிக்கையில எதுக்குக் கரை மேல போறீங்க? கரைதான் காத்த மறிக்குல்லா... கீழ எறங்கி வாங்க. மழ பெஞ்சாத்தான் மேல ஏறணும், கீழ சேறாயிரும்."

இறங்கினேன். காற்று தலைக்கு மேலே போய்விட்டது. இது எந்த யூடியூபிலும் இல்லை சார்.

ஒரு மோட்டார் ரூம் நிழலில் நின்றபோது என் டயரை அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி அடைச்சி வச்சிருக்கீங்க. கொஞ்சம் எறக்கி விடுங்க, அப்பதான் சரளையை முழுங்கும்." கிரேவல் பைக் நிபுணர்களும் இதையேதான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சந்தேகம் வந்து இரண்டு டயரையும் குனிந்து படித்தேன். என்னுடையதில் அகலம் 40 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. அத்தானுடையதில் 28 x 1½. ஒன்றரை இஞ்ச், அதாவது ஏறக்குறைய அதே 40! பதினோரு கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் எனக்கு உண்டு, எடையும் பாதிதான். ஆனால், மண் ரோட்டுக்கு என்ன டயர் வேண்டும் என்பதை நம் ஊர்க் கறுப்பு சைக்கிள் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

பெருமையாக ஓர் இத்தாலிக் கதையை எடுத்துவிட்டேன். டஸ்கனியில் கியாந்தி என்றொரு ஒயின் பிரதேசம். அங்குள்ள வெள்ளைச் சரளை ரோடுகளையெல்லாம் தார் போட்டு மூடி வந்தார்கள். அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்று 1997-ல் 92 பேர் பழைய சைக்கிள்களில் கிளம்பினார்கள். 'லெரோய்கா' என்று பெயர். இன்று உலகம் பூராவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பிரான்ஸிலும் 1896-ல் ஆரம்பித்த பாரிஸ்-டூர்ஸ் பந்தயத்தை 2018 முதல் திராட்சைத் தோட்டத்து மண் பாதைகளில் திருப்பி விட்டிருக்கிறார்கள். "இந்த ரோட்டுக்கும் தார் போட விடக் கூடாது அத்தான்!" என்று முடித்தேன், மேடைப் பேச்சாளர் மாதிரி.

அத்தான் பீடியை அணைத்தார்.

"மூத்தவன் பொறந்த அன்னிக்கு ராத்திரி உங்க அக்காவ ஆட்டோவில கூட்டிட்டுப் போனேன். ஐப்பசி மழ. அப்ப நம்ம தெருவே மண்ணு. சேத்துல வீல் எறங்கிட்டு. நானும் டிரைவரும் ஒன்றரை மணி நேரம் தள்ளுனோம். உள்ள அவ கத்துதா. நீங்க அப்ப மெட்ராஸ்ல படிச்சுக்கிட்டிருந்தீங்க."

எனக்கு இது தெரியாது. அக்கா சொன்னதே இல்லை.

"தெருவுக்குத் தார் வேணும் மாப்ள. கரைக்கு வேண்டாம். கரை வண்டி போறதுக்கா இருக்கு? தண்ணிக்கு இருக்கு. இதுல தாரைப் போட்டா நாளைக்கே டிப்பர் லாரி ஏறும். பெறவு கரை எங்க நிக்கும்?"

இத்தாலிக்காரர்கள் 92 பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வடகரை தாண்டி அடவிநயினார் அணை வரை போனோம். அனுமன் நதிக்குக் குறுக்கே, 132 அடி. பக்கத்துக் குண்டாறு அணை வெறும் 36 அடிதான். காற்று நீரைத் தூக்கி முகத்தில் அடித்தது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்கவே வேண்டாம்! நீங்கள் போவதாக இருந்தாலும் இதுதான் வரிசை: காலையில் மேற்கே போராடி, அப்புறம் கிழக்கே மிதந்து வாருங்கள். சாமி கும்பிட நினைப்பவர்கள் பண்பொழித் திருமலைக்கோயிலுக்கு ஏறலாம், அறுநூறு படிக்கு மேல். கிழக்கே ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருக்கும். 'ரோஜா' (1992) படமெடுத்த ஊர் என்பதால் காரில் வருகிற கூட்டமும் பூத்திருக்கும். நாற்றங்கால் வரப்பில் மட்டும் சைக்கிளைச் சாய்த்து செல்ஃபி எடுக்காதீர்கள். கரைக்குச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மிதந்து வந்த வேகத்தில் ஒரு கூர்க்கல் என் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. டியூப் இல்லாத டயர். உள்ளே ஊற்றியிருந்த வெள்ளைத் திரவம் பீய்ச்சி அடித்தது.

"ஏ மாப்ள! டயரு பால் கறக்குது!"

கறந்து முடிந்ததும் டயர் சப்பை. கடைசியில், உரச் சாக்கை வயலில் இறக்கிய கேரியரில் நான் உட்கார்ந்தேன். ஆட்டுக்கொம்பு சைக்கிள் என் தோளில். அத்தான் மிதித்தார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, வெட்கமில்லாமல் சிரித்தார்கள்.

சாயங்காலம் பிரானூர் பார்டரில் பரோட்டா தின்றுகொண்டிருக்கும்போது நண்பரிடமிருந்து போட்டோ வந்தது. திராட்சைத் தோட்டம், வெள்ளை ரோடு, ஹெல்மெட்டில் நண்பர். 'ஒரு வண்டி கூட ஓவர்டேக் பண்ணல சார்!' என்று எழுதியிருந்தார.

'இங்கே ஒரே ஒரு வண்டி பண்ணுச்சு' என்று பதில் போட்டேன்.