கீரை: கட்டு முதல் சட்டி வரை

சமைத்துத் தின்னத் தகுந்த இலை எதுவானாலும் தமிழில் அதற்குக் கீரை என்றே பெயர். அதனால் ஒட்டும் உறவும் இல்லாத பல செடிகள் இந்த ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவை அமராந்தஸ் என்ற ஒரே பேரினத்தின் பங்காளிகள். மணத்தக்காளியும் தூதுவளையும் கத்தரிக்காய்க்குச் சொந்தம். புளிச்சகீரை செம்பருத்திக்குச் சொந்தம். வெந்தயக்கீரையும் அகத்தியும் பயறு வகையைச் சேர்ந்தவை. பசலை கொடி, முருங்கை மரம், வல்லாரை ஈரத்தரையில் படர்வது. இலையின் தடிப்பும் கசப்பும் புளிப்பும் வழவழப்பும் ஒவ்வொன்றிலும் வேறு. எல்லாக் கீரைக்கும் ஒரே பக்குவம் பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சத்துக் கணக்கிலும் இந்த வேறுபாடு உண்டு. பச்சைக் கீரையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில்தான் நார்ச்சத்து, வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் பீட்டா கரோட்டின், ஃபோலிக் அமிலக் குடும்பத்து ஃபோலேட், வைட்டமின் சி, வைட்டமின் கே, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இருக்கின்றன. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் சுமார் 6 கிராம் புரதமும் உண்டு. அதே அளவு பசும்பாலில் கால்சியம் சுமார் 120 மில்லிகிராம்தான். அகத்தி இதையும் தாண்டிவிடும்.

நாளொன்றுக்கு ஒருவர் 100 கிராம் கீரையாவது சாப்பிட வேண்டும் என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நிறுவனம் பிறந்தது குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்குள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றித் தொடங்கிய ஆய்வே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 100 கிராம் என்றதும் மலைக்க வேண்டியதில்லை. ஆய்ந்த கீரை இரண்டு கை நிறைய இருந்தாலும், சட்டியில் சுண்டியபின் ஒரு குழிக்கரண்டி அளவுக்கு வந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கட்டைச் சமைத்து ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வைத்தால் கீரை சாப்பிட்ட பேர் கிடைக்குமே தவிர அந்தக் கணக்கு நிறையாது.

கீரை என்றால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை ஆழமானது; பாதிதான் சரி. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். கீரை விளையாத ஊரோ விற்காத தெருவோ இல்லாத மாநிலத்திலும் இதுதான் நிலை. கீரையில் இரும்புச்சத்து இருப்பது உண்மை, ஆனால் இறைச்சியிலுள்ள இரும்பைப் போல அது எளிதில் உடலில் சேர்வதில்லை. பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். அதைச் சேரவைக்கும் துணை வைட்டமின் சி. தடுப்பது டீ, காபியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள். கீரைச் சோற்றோடு எலுமிச்சை ஊறுகாயைவிடப் பச்சை எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காய்ப் பச்சடியோ, சாப்பிட்டபின் ஒரு கொய்யாப்பழமோ நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் அந்த நன்மையைக் கரைத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரத்தசோகை முற்றியவர்களுக்குக் கீரை மட்டும் போதாது, மாத்திரையும் தேவைப்படும்.

கீரைச் சமையலில் பாதி வேலை அடுப்புக்கு வெளியே நடக்கிறது. வாங்கும்போது கட்டின் மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. கட்டை லேசாகப் பிரித்து நடுவில் கை வைத்தால் சூடாக இருக்கிறதா, ஈரம் கசிந்து அழுகத் தொடங்கியிருக்கிறதா என்று தெரியும். இலை வாடும்போது வைட்டமின் சி-யும் வேகமாகக் குறையும் என்பதால் காலையில் வாங்கியதை அன்றே சமைப்பது உத்தமம். மறுநாளுக்கு வைப்பதானால் கழுவாமல், வேரை நறுக்கிவிட்டு, துணியிலோ தாளிலோ சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

ஆய்வதில் அவசரம் ஆகாது. முளைக்கீரைத் தண்டை விரலால் ஒடித்தால் சட்டென்று முறிகிற இடம் வரை பிஞ்சு. நாராக இழுத்துக்கொண்டு வருமானால் அதற்குக் கீழே முற்றல். முற்றியதையும் எறிய வேண்டியதில்லை. தண்டுக்கீரையின் தடித்த தண்டைத் தோல் சீவி நறுக்கினால் சாம்பாருக்கோ மோர்க்கூட்டுக்கோ ஒரு காயாகிவிடும். முருங்கைக்கீரைக்கு வேறு வழி உண்டு. கொத்துகளை இரவில் ஒரு துணியில் இறுக்கமாகச் சுற்றி வைத்துவிட்டு, காலையில் பிரித்து உதறினால் இலைகள் தானாகவே உதிர்ந்து கிடக்கும். காம்புகளைப் பொறுக்கி எடுக்க ஐந்து நிமிடம் போதும். முருங்கைக்கீரையை ஆய நேரமில்லை என்று தள்ளிப்போடும் வீடுகள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

கழுவுவதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அதில் அமுக்கி அலசி, சற்று நேரம் விட்டால் மண் அடியில் தங்கும். அப்போது கீரையை மேலாகக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் கீரை மேலேயே விழும். மூன்று முறை இப்படி அலசினால் பல்லில் மண் நறநறக்காது. நறுக்குவது கழுவிய பிறகுதான். நறுக்கியதைக் கழுவினால் வெட்டுவாய் வழியாக வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் தண்ணீரோடு போகும், ஏனென்றால் இரண்டும் நீரில் கரைபவை.

கடையலை எடுத்துக்கொண்டால் மீதி விஷயமெல்லாம் விளங்கும். ஒரு கட்டு அரைக்கீரைக்கு அரை டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீரில் பத்துச் சின்ன வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம் போட்டுக் கொதிக்கவிட்டு, வெங்காயம் பாதி வெந்தபின் கீரையைப் போட வேண்டும். மூடி கூடாது. இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான குளோரோஃபில்லின் நடுவே ஒரு மெக்னீசிய அணு இருக்கிறது. இலை வேகும்போது அதிலிருந்தே வெளிப்படும் அமிலங்கள் அந்த அணுவைப் பெயர்த்துவிட்டால் நிறம் பழுப்பாகும். திறந்து வைத்தால் அந்த அமிலத்தில் ஒரு பங்கு ஆவியோடு வெளியே போய்விடும். புளியைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் கீரை கறுத்துப்போவதும் இதே காரணத்தால்தான். புளிக்கீரை செய்வதானால் கீரை வெந்தபின் புளிக்கரைசல் ஊற்றிப் பச்சை வாடை போகுமளவு கொதிக்கவிட்டால் போதும்.

ஆறேழு நிமிடத்தில் இலை குழைந்துவிடும். பிறகு உப்பு, மத்து. கீரை சுண்டுவதற்கு முன் போடும் உப்பு எப்போதும் கூடிப்போகும். மிக்ஸியில் அரைத்தால் சத்து ஒன்றும் பெரிதாகக் கெடாது. ருசி கெடும், பசைபோல ஆகிவிடும். மண்சட்டியும் மத்தும் இன்றும் நிலைத்திருப்பது அதனால்தான். பச்சை நிறம் தூக்கலாக இருக்க ஆப்பச் சோடா சேர்ப்பது சில இடங்களில் வழக்கம். நிறம் நிற்கும், வைட்டமின் சி-யும் தயமினும் அழியும். கல்யாணப் பந்திக்கு வேண்டுமானால் அந்த அழகு தேவைப்படலாம், வீட்டுக்கு வேண்டியதில்லை.

கடைசியில் நல்லெண்ணெயில் கடுகும் உளுந்தும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டுவது மணத்துக்கு மட்டும் அல்ல. பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். எண்ணெய்ப் பசை இல்லாமல் வேகவைத்த கீரையைச் சாப்பிட்டால் அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது. ஒரு தேக்கரண்டி எண்ணெயோ, ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவலோ, சோற்றில் விடும் நெய்யோ போதும். எடை குறைக்க வேண்டுமென்று தாளிப்பையே நிறுத்துபவர்கள் சிக்கனம் பிடிக்கும் இடம் தவறு. பூண்டுக்கும் வெங்காயத்துக்கும்கூட வேலை உண்டு. தானியம், பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பும் துத்தநாகமும் இவ்விரண்டின் சேர்க்கையால் உடலுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நிலைக்கு வருவதாக மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010-ல் வெளியிட்ட ஆய்வகச் சோதனை காட்டியது. பருப்புக் கீரைக் கூட்டுக்கு இது நல்ல சான்று.

கீரை வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பாலக்கீரையிலும் அமராந்தஸ் வகைகளிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிலுள்ள கால்சியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உடலில் சேர்கிறது என்றால் பாலக்கில் இருபதில் ஒரு பங்குதான். நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் ஆக்சலேட் கணிசமாகக் குறையும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது தேவை. மற்றவர்கள் வடித்தால் ஃபோலேட்டையும் வைட்டமின் சி-யையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். தண்ணீரைக் குறைவாக விட்டால் வடிக்கும் கேள்வியே எழாது. மிஞ்சினால் ரசத்தில் சேர்க்கலாம்.

கசப்புக் கீரைகளுக்குத் தேங்காய்தான் மருந்து. வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறுவதற்காக நடப்படுவது அகத்தி. ஏகாதசி விரதம் இருந்தவர்கள் துவாதசியன்று அதைச் சமைத்துப் பாரணை செய்வார்கள். அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் கசப்பு அடங்கும். யாழ்ப்பாணத்தில் முருங்கை இலையைத் தேங்காய்ப்பூவோடு, அதாவது துருவலோடு, வறையாக்குவார்கள். வல்லாரையைப் பச்சையாகவே பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) சேர்த்துச் சம்பலாக்குவார்கள். அடுப்பே காணாத சமையல் என்பதால் வைட்டமின் சி நஷ்டம் குறைவு. ஆனால் ஈரத்தரைச் செடி என்பதால் கழுவுவதில் இரட்டைக் கவனம் வேண்டும். முருங்கைக்கீரையைக் கேழ்வரகு மாவில் பிசைந்து தட்டும் அடையும் சொல்லத் தகுந்தது. கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு.

முருங்கைக்கீரைப் பொடியை டப்பாவில் விற்பவர்கள் பாலைவிட இத்தனை மடங்கு, ஆரஞ்சைவிட இத்தனை மடங்கு என்று அச்சடிக்கிறார்கள். எடைக்கு எடை ஒப்பிடும் கணக்கு அது. பாலை ஒரு டம்ளர் குடிக்கலாம், பொடியை ஒரு தேக்கரண்டிக்கு மேல் யாரும் விழுங்குவதில்லை. உலர்த்தும்போது வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும். பச்சைக் கீரை கிடைக்கிற ஊரில் பொடிக்குச் செலவழிப்பது வீண்.

இரவில் கீரை ஆகாது என்பது பழைய வழக்கம். விளக்கு வெளிச்சத்தில் புழு பூச்சி தெரியாது என்பதும், நார் மிகுந்த உணவு படுக்கும் நேரத்தில் சிலருக்கு உப்புசம் தரும் என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஒத்துக்கொள்பவர்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டியவர்கள் வேறு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது; வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும். சமைத்த கீரையை அறை வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருந்து குழந்தைக்கு ஊட்டக்கூடாது.

சாக்கடை நீர் பாயும் நிலத்துக் கீரையோ என்ற சந்தேகம் நகரத்தில் எப்போதும் உண்டு. முற்றம் இருக்கும் வீட்டில் முருங்கைப் போத்து ஒன்றை நட்டு, இடுப்பளவு உயரத்தில் கவாத்து செய்துகொண்டே வந்தால் கை எட்டும் தூரத்தில் தளிர் வந்துகொண்டிருக்கும். முற்றம் இல்லாதவர்களுக்கு மண்தொட்டி போதும். பொன்னாங்கண்ணிக் கட்டை ஆய்ந்தபின் குப்பைக்குப் போகும் தண்டுகளில் கணு உள்ள நாலைந்தை எடுத்து ஈர மண்ணில் செருகி வைத்தால் சில நாளில் அந்தக் கணுக்களில் துளிர் விடும்.