ஜன்னலுக்குக் கீழே நால்வர்

மணிலாவின் ஸ்டார் மியூசிக் நிறுவனம் 2015இல் ஒரு புதிய பாய் பேண்டை அறிமுகப்படுத்தியது. ஜோசஃப் மார்கோ, மார்லோ மோர்டெல், மைக்கேல் பங்கிலினன், பிரையன் சாண்டோஸ் என்று நான்கு பேர். சின்னத்திரை ரசிகர்களுக்கு முன்பே பழக்கமான முகங்களும் இவர்களில் உண்டு. சிகை, சிரிப்பு, நால்வரும் ஒரே நேரத்தில் காமிராவைப் பார்க்கும் பார்வை எல்லாம் எந்த நாட்டுப் பாய் பேண்டிலும் பார்க்கக் கிடைப்பவைதான். பெயர் மட்டும் பழசு: 'ஹரானா'.

பிலிப்பைன்ஸில் ஹரானா என்பது, இரவில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு முன்னால் போய் நின்று கிதார் வாசித்துப் பாடிக் காதலைச் சொல்லும் வழக்கம். ஸ்பெயின் ஆட்சிக் காலத்தில் வேர்விட்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கிராமங்களில் உயிரோடு இருந்தது. இப்போது பெரும்பாலும் கல்லூரிக் காதலர் தினக் கொண்டாட்டங்களில்தான் காணக் கிடைக்கிறது. காசு கொடுத்தால் மாணவர் குழு ஒன்று வகுப்பறைக்கே வந்து, நீங்கள் கைகாட்டும் ஆளுக்குப் பாடிவிட்டுப் போகும். இப்படி அருகிப்போன ஒரு வழக்கத்தின் பெயரைத் தூக்கிப் பளபளப்பான இளைஞர்களுக்குச் சூட்டியது வெறும் விளம்பர உத்தி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பழைய ஹரானா எப்படி இயங்கியது என்று பார்த்தால், அந்தப் பெயர் அவ்வளவு பொருந்தாத ஒன்றல்ல.

முதலில் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். வசதியான பிலிப்பைன்ஸ் குடும்பங்களின் பழைய வீடுகளில் கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். குடும்பம் வாழ்வது மேலே. ஜன்னல் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் காப்பிஸ் என்ற தட்டையான சிப்பியின் ஓடுகளைச் சதுரமாக நறுக்கிப் பதித்திருப்பார்கள். வெளிச்சம் உள்ளே வரும், உருவம் தெரியாது. ஏழைகளின் ஓலைக் குடில்களும் கால்கள் மேல் உயர்ந்து நிற்பவையே. ஆக, பாடுகிறவன் தரையில். கேட்கிறவள் மேலே, திரைக்குப் பின்னால். ஜன்னல் திறக்கிறதா இல்லையா என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் முதல் பதில்.

அதனால் ஹரானாவில் எடுத்த எடுப்பில் காதலைச் சொல்லிவிட முடியாது. பாடல்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வருவது 'பனனபத்தான்': வந்திருக்கிறோம், நேரங்கெட்ட நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் பெரிய உபகாரம் என்கிற தோரணையில் ஒரு வணக்கப் பாட்டு. ஜன்னல் திறந்து, வீட்டுப் பெரியவர்கள் மேலே அழைத்தால் அடுத்த கட்டம். அங்கே உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்லும் பாட்டு. மூன்றாவது கட்டத்தில் அந்தப் பெண் பதிலுக்குப் பாட வேண்டும். அவள் சம்மதத்தையும் பாடலாம், மறுப்பையும் பாடலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஏதோ ஒன்றையும் பாடலாம். கடைசியில் விடைபெறும் பாட்டு. அம்மா அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைய காதல் பாட்டுக்காரர்களில் எத்தனை பேர் இந்தத் தேர்வில் தேறுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று. ஹரானாவுக்குப் போகிறவன் தனியாகப் போவதில்லை. நண்பர்களைக் கூட்டிக்கொண்டுதான் போவான். ஒருவன் கிதார், ஒருவன் குரல், மற்றவர்கள் தைரியத்துக்கு. காதலிக்கிறவனுக்குக் குரல் சரியில்லை என்றால், நன்றாகப் பாடும் நண்பன் அவனுக்காகப் பாடுவான். அதில் யாருக்கும் கூச்சமில்லை. நாலு பேர் சேர்ந்து நின்று ஒரே பெண்ணை நோக்கி 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று பாடுவது பாய் பேண்டுகளின் வினோதம் என்று நாம் கேலி செய்வதுண்டு. பிலிப்பைன்ஸ் அதைப் பல தலைமுறைகளாகச் செய்துகொண்டிருந்த நாடு.

இனி பாட்டின் உள்ளே போகலாம். பழைய பிலிப்பைன்ஸ் காதல் பாடல்களில் இரண்டு அச்சுகள் முக்கியமானவை. ஒன்று ஹரானா பாடல்களில் அதிகம் வரும் ஹபனேரா தாளம். கியூபாவில் பிறந்து, ஸ்பெயின் வழியாக உலகைச் சுற்றிய தாளம் அது. ஒன்றிலிருந்து எட்டு வரை சீராக எண்ணிக்கொண்டே ஒன்று, நான்கு, ஐந்து, ஏழு ஆகிய எண்களில் மட்டும் மேஜையைத் தட்டிப் பாருங்கள். நான்காவதில் விழும் தட்டு ஐந்தை முந்திக்கொண்டு வந்து லேசாக இடறும். அந்த இடறலில்தான் பாட்டுக்கு ஒரு அசைவு வருகிறது. கிதாரில் கட்டைவிரல் கீழ்க்கம்பியில் இதைப் பிடித்துக்கொண்டால் மேலே குரல் எப்படி வேண்டுமானாலும் இழையலாம்.

கிதாரும் ஸ்பானியர் கொண்டுவந்ததுதான், ஆனால் மரம் உள்ளூர் மரம். செபு மாகாணத்தில் மக்டான் தீவைச் சேர்ந்த கைவினைஞர்கள் பலா மரத்தில் கிதார் செய்கிறார்கள். நம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடம்பாகிற அதே பலா.

இரண்டாவது அச்சு குண்டிமான். இது மூன்று அடித் தாளத்தில் மெதுவாக நடக்கும். அதன் தனிச்சிறப்பு சுரத்தில் இருக்கிறது. பாட்டின் முதல் பாதி மைனர் ஸ்கேலில் இருக்கும். இரண்டாம் பாதியில் அதே ஆதார சுருதியை வைத்துக்கொண்டு மேஜர் ஸ்கேலுக்கு மாறும். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம்: கீரவாணி போன்ற ஒன்றில் கெஞ்சிக்கொண்டிருந்த பாட்டு, ஸட்ஜத்தை அசைக்காமல், திடீரென்று சங்கராபரணத்துக்குள் நுழைகிறது. சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக அரை சுரம் ஏறுவதுதான் முக்கியமான மாற்றம். அந்த ஒரு சுரம் ஏறியதும் குரலில் இருந்த புலம்பல் போய் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. வார்த்தைகள் அப்போதும் 'நீ இரங்காவிட்டால் செத்துவிடுவேன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். இசை வேறு ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கும்.

வாய்வழி நாட்டுப்பாடலாக இருந்த குண்டிமானை மேடைக்குரிய கலைப்பாடலாக்கியவர்கள் இருவர். ஃபிரான்சிஸ்கோ சாந்தியாகோ 1917இல் 'அனாக் தலிதா'வை இசையமைத்தார். அடுத்து நிக்கனோர் அபெலார்தோ 'நசான் கா இரோக்' போன்றவற்றைத் தந்தார். 1934இல் நாற்பத்தொரு வயதிலேயே இறந்துபோனார். இவர்களுடைய குண்டிமான்களைப் பாடுவது லேசான காரியமல்ல. ஓபரா பயிற்சியுள்ள குரல்களே திணறும். அதே காலத்தில் அதாங் தெ லா ராமா என்ற நடிகை சர்சுவேலா இசை நாடகங்களில் குண்டிமான் பாடி நாட்டையே கட்டிப்போட்டார். அவர் நடித்த 'தலாகாங் புகித்' 1919இல் பிலிப்பினோ இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படமாக வந்தது. மௌனப் படம்தான். ஆனால் திரையிடும்போது அவரே அரங்கில் நின்று பாடினார். பிறகு வானொலிக் காலத்தில் ரூபன் தகாலோக் 'குண்டிமான் மன்னன்' என்று பெயர் வாங்கினார்.

காதல் பாட்டுக்குள் வேறு சரக்கையும் ஏற்றலாம் என்று பிலிப்பினோக்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். 1896இல் ஸ்பெயினுக்கு எதிராகப் புரட்சி வெடித்தபோது, புலகான் மாகாணப் போராளிகளின் விருப்பப் பாட்டு 'ஜோசலினாங் பலிவாக்' என்ற குண்டிமான். பலிவாக் ஊர்ப் பெண் ஒருத்தியின் அழகைப் பாடுவதாகத்தான் வெளியே தெரியும். பாடியவர்களுக்கு அவள் தாய்நாடு. 1920களின் இறுதியில் வந்த 'பயன் கோ' நாட்டையே நேரடியாகப் பாடிய குண்டிமான். அதிபர் மார்க்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில் அதைப் பொதுவில் பாடுவதற்குத் தடை இருந்தது. 1986இல் அவரை விரட்டிய கூட்டம் தெருவெல்லாம் அதைத்தான் பாடியது. கெஞ்சலில் தொடங்கி நம்பிக்கையில் முடியும் பாட்டுக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்கத் தேவையே இல்லை.

வழக்கம் எப்படி மறைந்தது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். அமெரிக்க ஆட்சி, ஆங்கிலப் பள்ளிக்கூடம், சினிமா, வானொலி, பிறகு தொலைபேசி. ஜன்னலுக்குக் கீழே நிற்காமலே பேச வழி கிடைத்தபின் யார் நிற்பார்கள்? 1990களில் பரோக்யா நி எட்கர் என்ற ராக் குழு 'ஹரானா' என்றே ஒரு பாட்டைப் பாடிப் பெரிய வெற்றி பெற்றது. நகரத்து இளைஞர்களில் பலருக்கு அந்தப் பாட்டு தெரிந்த அளவுக்கு வழக்கம் தெரியாது. 2012இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்துக்காக ஃபுளோரான்தே அகிலார் என்ற கிதார் கலைஞர் கிராமம் கிராமமாகத் தேடியதில் ஒரு விவசாயி, ஒரு மீனவர், ஒரு டிரைசைக்கிள் ஓட்டுநர் என்று மூன்று பழைய ஹரானாப் பாடகர்கள் கிடைத்தார்கள். கூச்ச சுபாவமுள்ள ஓர் இளைஞனுக்காக அவர்கள் நிஜமாகவே ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பாடியதும் அந்தப் படத்தில் வருகிறது. குரல் இல்லாத காதலனுக்கு நண்பன் குரல் கொடுக்கும் பழைய விதி அப்படியே நடந்தது.

பாய் பேண்டுக்குத் திரும்புவோம். இந்த வகைக் குழுக்களின் காதல் பாட்டில் ஹபனேரா இருக்காது; பெரும்பாலும் பியானோ, மென்மையான டிரம் மெஷின், ஆர்&பி பாணியில் வளைந்து இறங்கும் குரல். வரிகளில் தகலோக் மொழியும் ஆங்கிலமும் கலந்து ஓடும். ஒருவர் தொடங்க, இன்னொருவர் பல்லவிக்கு ஏற்ற, மூன்றாமவர் மேல் ஸ்தாயியில் போய் அலங்காரம் செய்ய, கடைசியில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். காது கொடுத்துக் கேட்டால், குண்டிமானின் அந்தத் திருப்பத்துக்கு ஒரு பங்காளி இங்கேயும் உண்டு. கடைசிப் பல்லவிக்கு முன் எல்லா வாத்தியமும் ஒரு கணம் அடங்கும். பிறகு பாட்டு முழுவதும் அரை சுரமோ ஒரு சுரமோ தூக்கி வைக்கப்படும். உலகெங்கும் பாப் பாடல்களில் தேய்ந்த உத்தி இது. குண்டிமான் சுருதியை அசைக்காமல் உணர்ச்சியை மாற்றியது. பாப் பாட்டு உணர்ச்சியை அசைக்காமல் சுருதியை மாற்றுகிறது. எது உயர்ந்த வேலை என்று கேட்டால் நான் அபெலார்தோ பக்கம். ஆனால் இரண்டும் கேட்பவரைத் தூக்கிவிடுவதற்காகச் செய்கிற காரியம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே தொலைந்துபோனது மூன்றாவது கட்டம். பெண்ணின் பதில். ஆல்பத்தில் நால்வரும் ஒருத்தியிடம் பாடுகிறார்கள். அவள் ஆயிரக்கணக்கானவர்களாகப் பெருகி, காதில் இயர்போனோடு உட்கார்ந்திருக்கிறாள். மறுத்துப் பாட அவளுக்கு இடமில்லை. அந்த இடத்தைப் பின்னால் வந்த பி-பாப் (பிலிப்பைன்ஸ் பாப்) குழுக்களின் ரசிகர்கள் வேறு விதமாக நிரப்பிக்கொண்டார்கள். எஸ்பி19 குழு 2018இல் 'திலலுஹா' என்ற சோகப் பாட்டோடுதான் அறிமுகமானது. கொரிய முறையில் பயிற்சி பெற்ற ஐந்து பேர். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் பாட்டின் இடைவெளிகளில் ரசிகர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கோஷங்களைச் சேர்ந்து முழங்குவார்கள். பதில் வருகிறது, சம்மதம் மட்டும்தான் வருகிறது.

பழசை இன்னும் ஆழமாகத் தோண்டியது அலாமத் என்ற குழு. 2021 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று அவர்கள் வெளியிட்ட முதல் பாட்டு 'கேபை', ஒரு பிரிவுப் பாட்டு! ஹரானாவின் கடைசிக் கட்டமான விடைபெறும் பாட்டிலிருந்து கதையைத் தொடங்கியது போல இருந்தது. அதில் தகலோக், இலோகானோ, செபுவானோ, வாராய் என்று மொத்தம் ஏழு பிலிப்பைன்ஸ் மொழிகள். தகலோகின் நிழலில் நின்ற மொழிகளுக்கு ஒரு நடனக் குழு இடம் வாங்கிக் கொடுத்தது என்பதால், இந்தத் தலைமுறைக் குழுக்களில் எனக்கு இவர்களே மேல். பிறகு வந்த 'மஹாரானி'யில் காதலியை அரசியாக்கிப் பாடினார்கள். உடையில் உள்நாட்டு நெசவையும் பழைய அணிகளையும் சேர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

கேட்க விரும்புகிறவர்கள் 'நசான் கா இரோக்'கிலிருந்து தொடங்கலாம். பொருள் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மைனரிலிருந்து மேஜருக்குத் திரும்பும் இடம் வரும்வரை பொறுமையாக இருங்கள். வரும்போது தானே தெரியும். அடுத்து அகிலார் கண்டுபிடித்த மூன்று முதியவர்களின் பதிவுகள். கிதாரின் கீழ்க்கம்பியை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனியுங்கள். பாய் பேண்டுகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.