சொன்னால் பேர் வெளியே வருமா?
இரகசிய முறைப்பாடு பற்றித் தெரிந்துகொள்வோம்



கொழுந்து நிறுக்கும்போது தினமும் இரண்டு கிலோ குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "நமக்கு ஏன் வம்பு? காலையில பெரட்டுக்களத்துல சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள லயம் பூரா தெரிஞ்சிரும். நாளைக்கு நம்மளத்தான் தூரத்து மலைக்கு அனுப்புவாங்க" என்பார்கள்.

இந்தப் பயம் வீண் பயம் அல்ல. முறைப்பாடு செய்கிறவரும் அதற்கு உள்ளாகிறவரும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வாழ்க்கை நமது வாழ்க்கை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 கிலோ என்றால் 25 நாள் வேலைக்கு 50 கிலோ. இரண்டு நாளைக்கு மேல் பறித்த கொழுந்து சும்மா போகிறது.

இந்தப் பயத்தைப் போக்கத்தான் இரகசிய முறைப்பாட்டு முறை இருக்கிறது. ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெற்ற தோட்டங்களுக்கு இது ஒரு நிபந்தனை. அந்த அமைப்பின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பெயர் போடாத முறைப்பாட்டையும் ஏற்க வேண்டும். சொன்னவரை வேலையிலிருந்து நிறுத்தவோ மிரட்டவோ கூடாது.

இரண்டு வழிகள்

ஒன்று, பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுவது. இதில் பயம் குறைவு. ஆனால் மேலும் விபரம் கேட்கவோ, முடிவைச் சொல்லவோ உங்களைத் தேடிப் பிடிக்க முடியாது.

மற்றது, பெயரைச் சொல்லி, அதை இரகசியமாக வைக்கும்படி கேட்பது. விசாரிக்கிற ஓரிருவருக்கு மட்டுமே உங்கள் பெயர் தெரியும். சம்பளம், சேமலாப நிதி போன்ற சொந்தக் கணக்கு விஷயங்களுக்கு இந்த வழிதான் பொருத்தம். பெயர் இல்லாமல் யாருடைய கணக்கைப் பார்ப்பது?

எதைச் சொல்லலாம்?

* நிறுவையில் குறைப்பது, சாக்குக்கும் ஈரத்துக்கும் அளவுக்கு மிஞ்சிக் கழிப்பது.
* வேலை செய்த நாளுக்குப் பேர் விழாமல் இருப்பது.
* சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் வெட்டிவிட்டுக் கட்டாமல் இருப்பது. தோட்டம் தன் பங்காக 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு வேறாக 3 வீதமும் கட்ட வேண்டும். இந்த 3 வீதத்தை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது.
* வேலைக்கோ, வீட்டுத் திருத்தத்துக்கோ கைக்கூலி கேட்பது.
* மருந்து அடிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உடுப்புக் கொடுக்காமல் இருப்பது.
* பெண்களிடம் தகாத பேச்சுப் பேசுவது, தொடுவது, "சொன்னபடி கேட்டா லேசான வேலை தாரேன்" என்பது.

கடைசியாகச் சொன்னது வெறும் ஒழுக்கக் குறைவு மட்டும் அல்ல, சட்டப்படி குற்றம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் வார்த்தையால் தொல்லை கொடுத்தாலும் குற்றமே. 5 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

எப்படி எழுதுவது?

"கணக்கப்பிள்ளை அநியாயம் பண்றார்" என்று மட்டும் எழுதினால் யாராலும் விசாரிக்க முடியாது. எந்தத் தேதி, எந்த மலை, காலை நிறுவையா மாலை நிறுவையா, எத்தனை கிலோ குறைந்தது, இன்னும் எத்தனை பேருக்கு இப்படி நடந்தது என்று எழுதுங்கள். ஒரு பழைய கொப்பியில் தினமும் குறித்து வைத்தால் அதுவே சாட்சி. சம்பளத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

பெயர் போடாமல் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு" என்று எழுதினால் பெயர் போட்டது மாதிரித்தான். உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை எழுதினாலும் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பீலிக்கரையில் பேசிவிட்டு வந்து பெட்டியில் போட்டுப் பயனில்லை. எழுதத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லி எழுதுவிக்கலாம், அல்லது பொறுப்பானவரைத் தனியே கண்டு பேசலாம்.

உங்கள் தோட்டத்தில் கேட்க வேண்டியவை

பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? எத்தனை நாளைக்கு ஒருமுறை திறக்கிறார்கள்? முறைப்பாடு யாரைப் பற்றியதோ அவரே திறந்து பார்த்தால் அது இரகசியம் அல்ல. ஒபிஸ் வாசலில் எல்லார் கண்ணிலும் படுகிற பெட்டியை விட, பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டி நல்லது. இவற்றைத் தலைவர் மூலமோ மாதர் சங்கத்தின் மூலமோ கேளுங்கள்.

சொன்ன பிறகு தொல்லை வந்தால்?

திடீரென்று மலை மாற்றுவது, பேர் வெட்டுவது, ஏசுவது எல்லாம் பழிவாங்கலாக இருக்கலாம். தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, அதையே இரண்டாவது முறைப்பாடாகக் கொடுங்கள்.

தோட்டத்துக்குள் நியாயம் கிடைக்காவிட்டால் வெளியேயும் கதவுகள் உண்டு. சம்பளம், சேமலாப நிதி விஷயங்களுக்குத் தொழில் அலுவலகம் போகலாம். தொழில் பரிசோதகர்கள் முறைப்பாடு செய்தவரின் பெயரையும், முறைப்பாடு வந்ததால்தான் பார்க்க வந்தோம் என்பதையும் முதலாளியிடம் சொல்லக்கூடாது என்பது சர்வதேச தொழில் தாபனத்தின் 81ஆம் இலக்கச் சமவாயம். இலங்கை இதை 1956இல் ஏற்றுக்கொண்டது. லஞ்சம் பற்றி லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 இலக்கத்தில் சொல்லலாம். தகவல் தருகிறவர்களுக்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. உடனடி ஆபத்து என்றால் பெட்டியைத் தேடாதீர்கள், பொலிசுக்கு 119 எடுங்கள்.

பொய் முறைப்பாடு வேண்டாம்

பழைய பகைக்காகவோ, சங்கப் போட்டிக்காகவோ எழுதினால் அடுத்த முறை உண்மையான முறைப்பாட்டையும் நம்பமாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தையும் கேட்ட பிறகே முடிவு எடுக்க வேண்டும். கங்காணியும் நம்மைப் போல ஒரு குடும்பத்துக்காரர்தான். அதேநேரம், உண்மை என்று நம்பிச் சொன்னது விசாரணையில் நிரூபிக்கப்படாமல் போனால் அது பொய் ஆகிவிடாது. அதற்காகச் சொன்னவரைத் தண்டிக்கக்கூடாது.

தலைவர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வார்த்தை

2023 பெப்ரவரியில் கென்யாவின் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி பீபீசி ஒரு செய்தி வெளியிட்டது. வேலைக்காக மேற்பார்வையாளர்களின் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 70க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சொன்னார்கள். நம்மைப் போலவே கொழுந்து எடுக்கிற பெண்கள். சொல்லப் பயந்தால் ஒரு கொடுமை எத்தனை பேர் மேல் போய் விழும் என்பதற்கு இது பாடம்.

உங்களை நம்பி ஒரு பெண் வந்து சொன்னால், அந்தப் பெயர் உங்கள் வீட்டாருக்குக்கூடத் தெரியக்கூடாது. ஒரு பெயர் வெளியே போனால், அதன் பிறகு அந்தப் பெட்டியில் ஒரு துண்டும் விழாது. "எங்க தோட்டத்துல முறைப்பாடே இல்ல" என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், சொல்லப் பயந்து இருக்கிறார்களா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

சகோதர சகோதரிகளே, இந்தப் பக்கத்தை எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இன்று வேலை முடிந்து வந்ததும் எடுத்த கொழுந்தின் எடையைக் கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.