தாஜ்மகாலின் முன் ஒரு படம்

1631-இல் மறைந்த மும்தாஜுக்காக ஷாஜகான் எழுப்பிய தாஜ்மகாலின் முன், புகைப்படக்காரரை அமர்த்திப் படம் எடுத்துக்கொள்வோர் பலர். அவர்கள் அறியவேண்டியவை மூன்று.

முதலாவது நாள்: வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. இரண்டாவது நேரம்: கதிரவன் எழுமுன்னரே வாயில் திறக்கப்படும், அவ்விளவெயிலில் வெண்சலவைக்கல் கண்ணைக் கூசச் செய்யாது. மூன்றாவது பேச்சு: தொல்பொருள் துறையின் உரிமம் உண்டா, எத்தனை படங்கள், கூலி என்ன என்பவற்றை முன்னரே தீர்மானித்துக்கொள்ளவேண்டும். கல்லறை மண்டபத்தினுள் படமெடுத்தல் கூடாது.

நானும் என் மனைவியும் சென்றபோது இவற்றைப் பேசாது விட்டேன். கூலியில் பூசல் விளைந்தது; சினந்து ஒரே படத்துடன் திரும்பினேன். அதில் மாளிகை முழுமையாக இருக்கிறது. அவள் முகமோ கடுகளவே. இன்று அவள் இல்லை.

மாளிகையை என்றும் காணலாம். முகத்தை அருகில் எடுக்கச் சொல்லுங்கள்.